குறையில்லாத வாட்டர் பம்ப்

புதுக் கார் வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. சாவியை வாங்குகிறார்கள், காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். இருபத்தொன்பது வயதான காரை ஆசைப்பட்டு வாங்குகிறவர் கதையே வேறு. அவருக்கு முதலில் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போகும். அடுத்து வீட்டில் மரியாதை இல்லாமல் போகும். கடைசியில் வெட்கமும் இல்லாமல் போகும். பல்செட்காரருக்கு இந்த மூன்றும் ஒரே வருஷத்தில் நடந்து முடிந்தன.

பல்செட்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு, முகமே பார்த்திராத ஆட்களுக்குப் பல்வரிசை செய்து கொடுப்பவர். மருத்துவமனை மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மேசை விளக்கு, அலமாரி நிறைய வெள்ளை மாவு அச்சுகள். அந்த அறையில் உட்கார்ந்து அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இல்லாமல் ராவி ராவி நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. கல்யாணப் பேச்சு எழும்போதெல்லாம் யாருக்கோ ஒரு பல் அவசரமாக வேண்டியிருந்தது. அப்படியே நின்றுபோனது. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறார்.

அவர் வாங்கிய தேன் நிறக் கார் அக்காவின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கிளப்பினால் உறுமும், ஓடாது. ஓடவைக்கப் பதினொரு பாகங்கள் வேண்டும் என்று அவரே ஒரு பட்டியல் போட்டார். எல்லாமே அந்தக் காரைச் செய்த கம்பெனியின் ஒரிஜினல் பாகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் உடும்புப்பிடியாக இருந்தார். வெளியில் கிடைக்கும் பாகங்கள் கிட்டத்தட்டப் பொருந்தும் என்று மெக்கானிக்குகள் சொன்னார்கள். கிட்டத்தட்டப் பொருந்தும் என்ற பேச்சைக் கேட்டாலே அவருக்கு உடம்பு எரியும். கிட்டத்தட்டப் பொருந்துகிற பல்செட்டைப் போட்டுக்கொண்டு எவராவது ஒருவாய் சாப்பிட்டுக் காட்டட்டும் பார்க்கலாம் என்பார்.

கம்பெனியின் ஷோரூம் முன்பக்கம் கண்ணாடியும் குளிர்காற்றுமாக இருக்கும். அது புதுக் கார்களுக்கு. பழைய கார்க்காரர்கள் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, ஜெனரேட்டர் அறையையும் கழிப்பறையையும் தாண்டி, பின்னால் ஒரு ஜன்னலுக்குப் போக வேண்டும். அதுதான் பழைய வண்டி ஸ்பேர் கவுண்டர். அங்கே கையெல்லாம் கிரீஸாக எப்போதும் ஏழெட்டு மெக்கானிக்குகள் வரிசையில் நிற்பார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேடம் இருப்பார். நாற்பத்திமூன்று, நாற்பத்திநான்கு வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற பழக்கம் உண்டு. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை, ஆனால் அவர் 'அடுத்தது யாரு' என்றால் வரிசை தானாக நேராகும்.

பட்டியலில் முதல் பாகம் தெர்மோஸ்டாட். எஞ்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடுகிற ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். பளபளக்கும் முத்திரை ஒட்டிய பெட்டியில் வாங்கிவந்து மாட்டினார். வண்டியைக் கிளப்பினார். பத்தாவது நிமிஷம் முன்பக்கமெல்லாம் ஆவி.

இங்கேதான் பல்செட்காரர் ஒரு முட்டாள்தனம் செய்தார். ஒரிஜினல் பாகத்தில் குறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புதிதாகப் போட்டது நல்லது என்றால் மிச்சம் இருப்பதெல்லாம் கெட்டது என்று முடிவுகட்டினார். ரேடியேட்டரைக் கழற்றினார். குழாய்களைக் கழற்றினார். காற்றாடியைக் கழற்றினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழற்றிய பின் வாசலில் கால்வைக்க இடமில்லை. அக்கா துணி காயப்போடப் போனால் ஏதாவது ஒரு நட்டு காலில் குத்தியது.

"எல்லாத்தையும் சந்தேகப்படற. அந்தப் புதுசா வாங்கின ஒண்ண மட்டும் ஏன் விட்டுட்ட?" என்றாள் அக்கா.

"அது ஒரிஜினல் அக்கா."

"இருக்கட்டுமே. அதுக்கென்ன இப்ப."

பல்செட்காரர் அக்காவின் பாத்திரத்திலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து அதைப் போட்டுப் பார்த்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அந்தக் கதவு அசையவில்லை. பாதித் தண்ணீர் வற்றியும் அசையவில்லை. பல்செட்காரர் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வரிசையில் நின்று அதை ஜன்னலில் வைத்தார். குறையுள்ள பொருளைத் திருப்பித் தருவதற்கு அந்தக் கவுண்டரில் ஒரு முறை இருந்தது. மேடம் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பொருளை அதன்மேல் வைப்பார். கொண்டுவந்தவர் தன் வாயால் குறையைச் சொல்ல வேண்டும். சொன்னதை மேடம் அதே வார்த்தைகளில் படிவத்தில் எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி படித்துக் காட்டுவார். பிறகு கையெழுத்து. அப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு படிவம் எழுதினாலே அதிசயம்.

"கம்பெனி பொருள்ல குறை வராதுங்க. மாட்டினதுல ஏதாவது இருக்கும்" என்றார் மேடம்.

"நான் பல்செட் செய்யறவன் மேடம். பொருந்தலைன்னு எங்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் நானும் இததான் சொல்வேன். வாயில ஏதாவது இருக்கும்னு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பி, டீத்தண்ணீர் சுடவைக்கிற கெட்டிலில் தெர்மோஸ்டாட்டைப் போட்டு, அது கொதிக்கும்வரை கை கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். கதவு திறக்கவில்லை. கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க சொன்னது சரி. நான் சொன்னது தப்பு" என்றார்.

பல்செட்காரருக்கு என்ன ஆயிற்று என்றால், காதல் ஆயிற்று. சுற்றிவளைக்க இதில் ஒன்றுமில்லை. ஒரு கம்பெனி ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லி அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வீட்டுக்கு எந்த வழியாக வந்தார் என்று கேட்டால் அவரால் சொல்லமுடியாது. கையில் புது தெர்மோஸ்டாட் இருந்தது, அது மட்டும் தெரியும்.

அந்தப் புது தெர்மோஸ்டாட்டும் திறக்கவில்லை. அவர் சந்தோஷத்தில் அடுப்படியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனி அவருக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமில்லை. கதவு ரப்பர் இரண்டு விரற்கடை குட்டையாக வந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் நெட்டையாக வந்தது. இடதுபக்கக் கண்ணாடி என்று எழுதிய பெட்டியில் வலதுபக்கக் கண்ணாடி இருந்தது. அதை மாற்றப் போனால் வலதுபக்கம் என்று எழுதிய பெட்டியிலும் வலதுபக்கக் கண்ணாடியே இருந்தது. பெட்ரோல் மீட்டர் சொட்டுப் பெட்ரோல் இல்லாதபோதும் டாங்க் நிறைந்திருப்பதாகக் காட்டியது. ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று தடவை போய்வர வேண்டியிருந்தது. மற்ற மெக்கானிக்குகள் கம்பெனியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பல்செட்காரரும் ஊரோடு ஒத்து இரண்டு வார்த்தை ஏசுவார். மனசுக்குள், எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் பரிசோதனை மேசையில் தூங்கி வழிகிற அந்த முகம் தெரியாத ஆசாமிக்கு நூறு வயசு கேட்டுக்கொள்வார். அந்த ஆள் ஒரு நாள் கண்விழித்துவிட்டால் தன் கதி என்னாவது என்ற பயம்தான் அவரைத் தின்றது.

திருப்பித் தருகிற வேளையில் நாலு வார்த்தை பேச்சு நடக்கும். மேடத்தின் கணவர் இறந்து ஒன்பது வருஷம் என்பதும், மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள் என்பதும், மேடம் பதினெட்டு வருஷமாக அதே ஜன்னலில் உட்கார்ந்திருந்தும் அந்தக் கம்பெனியின் காரில் ஒரு தடவைகூட ஏறியதில்லை, பஸ்ஸில்தான் வருகிறார் என்பதும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தவை.

"முன்னெல்லாம் இப்படி இல்ல" என்றார் மேடம் ஒரு நாள், குட்டை ரப்பரை அளந்துகொண்டே. "பழைய வண்டிக்குப் பாகம் செஞ்சவங்க எல்லாரும் நிறுத்திட்டாங்க. இப்ப எவனோ ஒருத்தன்கிட்ட மொத்தமா செய்யச் சொல்லி வாங்கி, நம்ம பெட்டியில போட்டு அனுப்பறாங்க. பெட்டிதான் ஒரிஜினல். உள்ள இருக்கறது யாரு செஞ்சதுன்னு எனக்கே தெரியாது."

"பெட்டி ரொம்ப அழகா இருக்கு மேடம்."

"அதத்தான் எல்லாரும் பாத்துட்டு வாங்கறாங்க. என் முகத்தையும் பாத்து வாங்கறாங்க. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குவதில் தப்பே இல்லை என்று சொல்ல பல்செட்காரரின் நாக்கு துடித்தது. துடித்ததோடு சரி.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. மேடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. அதுவரை சேர்ந்திருந்த அறுபத்திமூன்று படிவங்களைப் பிரதி எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த பதில், படித்தவர் இரத்தம் கொதிக்கிற பதில். பாகங்களில் குறை இருக்க வாய்ப்பில்லை, மெக்கானிக்குகளுக்கு மாட்டத் தெரியவில்லை, புகார்கள் உண்மைதானா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவார், பொய் என்று தெரிந்தால் அந்தக் கவுண்டரே மூடப்படும். மேடம் அந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாக நீட்டிப் பல்செட்காரரிடம் காட்டினார்.

"ஒவ்வொண்ணும் நானே பாத்து எழுதினது. பதினெட்டு வருஷத்துல ஒரு பொய் எழுதினதில்ல. இதுல ஒண்ணே ஒண்ணு பொய்யா இருந்தாலும் அறுபத்திமூணும் பொய்னு ஆக்கிடுவாங்க."

"ஒண்ணுகூட ஆகாது மேடம்" என்றார் அவர், மார்பு விரிய.

அதோடு மேடம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தானே ஓர் அளவு பார்க்கும் கருவி, ஒரு மின்சார மீட்டர், இரண்டாவதாக ஒரு பெரிய கெட்டில் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பாகத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதிக்க ஆரம்பித்தார். நல்லதை மட்டும் ஜன்னலுக்கு வெளியே கொடுத்தார். கெட்டதைப் பின்னாலேயே மூட்டை கட்டினார். ஒரே மாதத்தில் அந்தக் கவுண்டரில் வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்று பேராகிவிட்டது. மெக்கானிக்குகள் மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பல்செட்காரர் மட்டும் கும்பிடவில்லை. ஏழாவது பாகம் ஒரே தடவையில் பொருந்தியது. எட்டாவது பொருந்தியது. ஒன்பதும் பத்தும் வந்த வேகத்தில் உட்கார்ந்துகொண்டன. பாவி மனுஷி, இப்படியா வேலை செய்வது என்று ராத்தூக்கம் கெட்டது. கடைசி பாகம் வாட்டர் பம்ப். மேடம் அதைக் கையில் பிடித்து, அவர் கண்முன்னால் நூறு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மூச்சு விடுகிற சத்தம்கூட அதில் இல்லை.

"இதோட உங்க லிஸ்ட் முடிஞ்சுது இல்ல?" என்றார் மேடம்.

"முடிஞ்சுது."

"நல்லது" என்ற மேடம், எதையோ தேடுகிறமாதிரி மேசையெல்லாம் தடவினார். கண்ணாடி தலைமேல்தான் இருந்தது.

பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாள் மேசைமேல் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மாட்டினால் வண்டி ஓடும். வண்டி ஓடினால் அந்தச் சந்துக்குள் போக அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சும்மா போய் நின்று, உங்களைப் பார்க்க வந்தேன் என்று சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் நாற்பத்தெட்டு வயதுவரை ஏன் மாவு அச்சுகளோடு குடித்தனம் நடத்துகிறார்? ஐந்தாம் நாள் காலையில் பம்பை அதே பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு சின்னப் பொய். மேடம் எழுதிக்கொள்வார், வேறு பம்ப் வரவழைப்பார், பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளில் எப்படியாவது வாயைத் திறந்துவிடலாம். கடிதமும் அதிகாரியும் காதல் மயக்கத்தில் அவருக்கு அடியோடு மறந்துபோயிருந்தன.

ஜன்னல் முன்னால் வரிசை இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே, மேடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கழுத்தில் டையும் அடையாள அட்டையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பல்செட்காரர் நைசாகத் திரும்பி நடக்கப் பார்த்தார். அதற்குள் அதிகாரியின் பார்வை பெட்டிமேல் விழுந்துவிட்டது.

"அவரு திருப்பித் தர வந்திருக்காரு போல. வாங்க, முன்னால வாங்க. அதத்தானே பாக்க வந்திருக்கேன்" என்று எழுந்துவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மேடம் வெள்ளைத் துணியை விரித்தார். பம்ப் அதன்மேல் உட்கார்ந்தது. மேடம் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"என்ன குறை?" என்றார் அதிகாரி.

"சத்தம் சார்."

"எந்த மாதிரி சத்தம்?"

பல்செட்காரர் திருதிருவென்று விழித்தார். வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டியது. "கீச்சு கீச்சுனு" என்றார்.

"விட்டு விட்டா, தொடர்ந்தா?"

"விட்டு விட்டு. நடுவுல கொஞ்சம் தொடர்ந்து."

மேடம் எழுதினார். பிறகு முறைப்படி எல்லோர் காதிலும் விழுமாறு படித்தார். "கீச்சு கீச்சு என்ற சத்தம். விட்டு விட்டு. நடுவில் கொஞ்சம் தொடர்ந்து." அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். எதுவுமே இல்லை.

அதிகாரி பம்பைச் சுற்றினார். சத்தம் இல்லை. காதோடு வைத்துச் சுற்றினார். இல்லை. பிறகு பம்பைத் திருப்பி, போல்ட் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை பரவியது.

"இதுல ஸ்பேனரே படல. பெயின்ட் அப்படியே இருக்கு. எந்த வண்டியில ஓடி இது கீச்சு கீச்சுனு சத்தம் போட்டுச்சு?"

அதிகாரி மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"மேடம், இத நீங்க சோதிச்சுத்தான் கொடுத்தீங்களா?"

"ஆமா."

"அப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்போ இன்னிக்கு என் கண்ணு முன்னால வந்த புகார் பொய். மத்த அறுபத்திமூணும் எப்படி இருக்கும்னு நான் தனியா பாக்க வேண்டியதில்ல, இல்லையா?" என்று அதிகாரி தன் கோப்பை எடுத்து மூடப் போனார்.

மேடம் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பதினெட்டு வருஷத்தையும் சேர்த்து அங்கே வைத்ததுபோல் பல்செட்காரருக்குத் தோன்றியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பம்ப்ல குறை இல்ல. நான்தான் பொய் சொன்னேன். மேடத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எதுக்குச் சொன்னீங்க?"

"இது கடைசி பாகம் சார். இத மாட்டிட்டா வண்டி ஓடிடும்."

"ஓடத்தானேங்க வாங்கினீங்க?"

"ஓடிட்டா எனக்கு இங்க வர வேலையில்ல சார். மேடத்த பாக்க முடியாது. ஒரு வருஷமா அவங்கள பாக்கத்தான் வர்றேன். மத்ததெல்லாம் நிஜமாவே கெட்டுப்போனது. இது ஒண்ணுதான் நல்லது. நல்லதா வந்ததுதான் எனக்குப் பிரச்சினை."

யார் கையிலிருந்தோ ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட ஒருவரும் குனியவில்லை. மேடம் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மூக்கில் மாட்டினார், உடனே கழற்றினார்.

அதிகாரி ஒரு நிமிஷம் தடுமாறிப் பிறகு சமாளித்துக்கொண்டார். "சரி. இவரு ஒருத்தர் இப்படின்னா, மத்தவங்களும் இதே காரணத்துக்கு வரலன்னு என்ன நிச்சயம்?"

வரிசையில் இரண்டாவதாக நின்ற தாடி மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "சார், எனக்கு மேடம் மேல மரியாதை மட்டும்தான். கல்யாணமாகி மூணு பிள்ளைங்க. என் அஞ்சு பிரேக் சிலிண்டரும் நிஜமாவே ஒழுகிச்சு."

"எனக்கும் மரியாதை மட்டும்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும்" என்றது இன்னொன்று. வரிசை முழுக்க ஒவ்வொருவராகத் தாங்கள் காதலிக்கவில்லை என்று சத்தியம் செய்ய ஆரம்பித்தார்கள். கடைசியில் நின்றவர், தான் இன்றைக்குத்தான் முதல் தடவை வருவதாகவும், தன்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். சிரிப்பு வெடித்தது. மேடத்தின் உதடுகூடத் துடித்ததைப் பல்செட்காரர் பார்த்தார். வாய்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர் கண்ணுக்கு அது தப்புமா?

மேடம் எழுந்தார். "பேச்சு எதுக்கு சார். காலையில வந்த பெட்டி அதோ இருக்கு. நான் இன்னும் கை வைக்கல. நீங்களே அஞ்சு தெர்மோஸ்டாட் எடுங்க. உங்க கையாலேயே முத்திரைய பிரிங்க" என்று பெரிய கெட்டிலைப் போட்டார்.

அதிகாரி ஐந்து பெட்டிகளைப் பிரித்தார். ஐந்தும் கெட்டிலுக்குள் போயின. மெக்கானிக்குகள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டார்கள். ஒன்று, தண்ணீர் பட்டதுமே, சூடேறுவதற்கு முன்னாலேயே வாயைப் பிளந்தது. மூன்று, தண்ணீர் கொதித்துப் பொங்கிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் யோக்கியமாகத் திறந்தது. அதற்கு வரிசையிலிருந்து கைதட்டல் கிடைத்தது. அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. காலிப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்று முனகினார்.

"பெட்டியில எப்பவும் குறை இருந்ததில்ல சார். வண்டியில பெட்டிய மாட்ட முடியாதே" என்றார் மேடம்.

அதிகாரி, பாகங்களில்தான் குறை, தன் எதிரிலேயே நிரூபணம் ஆயிற்று என்று கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, பின்னாலிருந்த மூட்டையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது பல்செட்காரரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

கவுண்டர் பிழைத்தது. பல்செட்காரர் ஜன்னல் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேடம் பம்பைத் துணியிலிருந்து எடுத்து, பெட்டியில் வைத்து மூடி, அவர் பக்கம் தள்ளினார்.

"நல்ல பொருள நான் திரும்ப வாங்கறதில்ல."

"மேடம், நான் வேணும்னே..."

"என் கவுண்டர்ல யாரும் பொய் சொன்னதில்ல. எடுத்துட்டுப் போங்க. அடுத்தது யாரு?"

அக்காவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு மனசத் திறந்திருக்க. அதுவும் வரிசையில நின்னு, அதிகாரி முன்னால" என்றாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பை மாட்டினார். போல்ட்டுகள் நாலும் சொன்னபடி கேட்டன. தண்ணீர் ஊற்றினார், சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்ஜின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரைமணி நேரம் ஓடியது. ஆவி இல்லை, ஒழுகல் இல்லை, மருந்துக்குக்கூட ஒரு சத்தம் இல்லை. ஒரு வருஷம் பாடுபட்டு ஓடவைத்த வண்டியின் முன்னால் அவர் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். எங்கேயாவது ஒரு சொட்டு ஒழுகாதா என்று கீழே குனிந்துகூடப் பார்த்தார்.

"உன்னத் தேடி யாரோ வந்திருக்காங்க" என்றாள் அக்கா வாசல் கேட்டிலிருந்து.

மேடம் நின்றிருந்தார். கையில் குடை, தோளில் பை. ஜன்னல் கம்பி இல்லாமல் அவரை முழு உருவமாகப் பார்ப்பது பல்செட்காரருக்கு அதுதான் முதல் தடவை. கிரீஸ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"நான் கொடுத்த பம்ப் சரியா ஓடுதான்னு பாக்க வந்தேன். படிவத்துல உங்க விலாசம் இருந்துச்சு" என்றார் மேடம்.

"வாங்குற எல்லார் வீட்டுக்கும் இப்படிப் போய்ப் பாப்பீங்களா?" என்று அக்கா கேட்டாள். அக்காவுக்கு அடக்கம் என்பது கிடையாது.

"இல்ல. போனதில்ல" என்றார் மேடம்.

பல்செட்காரர் முன்மூடியைத் திறந்துவிட்டார். மேடம் குடையை மடக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, பம்புக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். ஒரு நிமிஷம் கேட்டார். இரண்டு நிமிஷம் கேட்டார். எஞ்ஜின் வெண்ணெயாக ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. எஞ்ஜின் சூட்டினால் இருக்கலாம்.

"ஒரு சத்தம் வருது" என்றார் மேடம்.

பல்செட்காரர் காதைத் தீட்டினார். எதுவும் இல்லை. நாலு மணி நேரமாக அந்த வண்டியோடு உட்கார்ந்திருக்கிறார், அதில் சத்தம் இருந்தால் அவருக்குத் தெரியாதா? இல்லையே மேடம் என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் மேடம் எஞ்ஜினைப் பார்க்காமல், தன்னையும் பார்க்காமல், காரின் முன்னிருக்கையையே பார்த்துக்கொண்டு நிற்பது அவர் கண்ணில் பட்டது. பதினெட்டு வருஷத்தில் ஒரு பொய் சொல்லாத மனுஷி. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காதுமடல்வரை சிவந்து நின்றார்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "ஆமா. லேசா வருது" என்றார்.

"இங்க நின்னா சரியா தெரியாது. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் போய் முன்கதவைத் திறந்துவிட்டார். மேடம் ஏறி உட்கார்ந்தார். பல்செட்காரர் சுற்றிவந்து உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தூரம் ஓட்டிப் பாக்கலாம்?" என்று கேட்டார்.

"கண்டுபிடிக்கிற வரைக்கும்" என்றார் மேடம்.

அக்கா ஓடிப்போய்க் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டாள்.